ஈபப் நூலில் மார்ஜினைக் குறைக்க: காலிபரா, கேஓரீடரா?

6 அங்குல மின்நூல் ரீடர் திரையில் தமிழ் படிப்பவர்களுக்கு மார்ஜின், அதாவது பக்க ஓரத்து வெற்றிடம், சின்ன விஷயம் இல்லை. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே சொல் வரியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் அகலமாக இடம் விட்டு, வரிகளின் இரு முனையையும் ஓரத்தோடு நேராக்கிவிட்டால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ரீடரில் மார்ஜினைக் கடைசி வரை குறைத்தாலும் சில நூல்களில் ஓரம் போகாது. நூலின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் விதிகளில் 'பாடி'க்கு, அதாவது பக்கத்தின் மொத்த உள்ளடக்கத்துக்கு, தனியாக மார்ஜின் எழுதியிருப்பார்கள்.

காலிபர் கணினியில் மின்நூல்களைக் கையாளும் மென்பொருள். அதில் ஈபப்பை (மின்நூல் கோப்பு வகை) மறுபடி ஈபப்பாகவே மாற்றுவது சுலபம். பேஜ் செட்டப்பில் நான்கு பக்கமும் 5 பாயின்ட் இருக்கும், அதை 0 ஆக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே கொடுத்தால் பழைய மார்ஜின் அப்படியே நிற்கும், கவனம். ஆனால் இந்த வழியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மார்ஜினுக்காக நூலின் மொத்த ஸ்டைலையும் காலிபர் திருப்பி எழுதிவிடுகிறது. ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே கொடுத்த 'போலி மார்ஜின்' தேடி நீக்கும்போது, இருக்க வேண்டியதும் சில சமயம் போய்விடும். அதே காலிபரின் எடிட்டரில் 'பாடி' விதியை மட்டும் திருத்துவது மெதுவான வேலைதான், ஆனால் வேறெதுவும் கலையாது.

கேஓரீடர் படிக்கும் கருவியிலேயே நிறுவும் செயலி, அது நூல் கோப்பைத் தொடுவதே இல்லை. ஸ்டைல் ட்வீக்ஸ் மெனுவில் பதிப்பாளரின் பக்க மார்ஜினைப் புறக்கணிக்கும் தேர்வை டிக் செய்தால் போதும். பிடிக்கவில்லையா, டிக்கை எடுத்துவிடலாம். ஒரு நூலுக்கு மட்டும் வேண்டுமானால் அதற்கென்றே விதி எழுதலாம். எல்லா நூலுக்கும் என்றால் ஸ்டைல்ட்வீக்ஸ் ஃபோல்டரில் சிறிய சிஎஸ்எஸ் கோப்பு போட்டு, அதே மெனுவில் அதை எல்லா நூலுக்கும் என்று தேர்வு செய்யலாம். கோபோ ரீடரிலும் ஆண்ட்ராய்டிலும் நிறுவுவதில் பெரிய சிரமம் இல்லை. கிண்டில் என்றால் முதலில் ஜெயில்பிரேக் (நிறுவனம் போட்ட பூட்டை உடைப்பது) செய்ய வேண்டும், அது எல்லாருக்கும் சரிப்படாது.

எந்த வழியானாலும் எல்லா உறுப்புக்கும் சேர்த்து 'மார்ஜின் 0' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கவிதையில் உள்தள்ளிய அடிகள், மேற்கோள்கள் எல்லாம் ஒரே இடது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், பத்தி இடைவெளியும் போய்விடும். எங்கே உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று யோசித்துத்தான் கவிஞர் அந்த அடியை எழுதியிருப்பார். விதி 'பாடி'யோடு நிற்கட்டும்.

நான் படிப்பதற்குக் கேஓரீடர்தான். வீட்டில் வேறு யாருக்காவது கிண்டிலில் ஏற்றித் தர வேண்டும் என்றால் எடிட்டரில் உட்கார்ந்து திருத்திவிட்டு அனுப்புகிறேன். அவர்கள் மெனு பக்கமே போக வேண்டியதில்லை.