பழைய வீடு, நல்ல தெரு, இடுப்பளவு சிமெண்ட்

பழைய தெருவொன்றில் சின்ன வீடு விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் கூடத்துச் சுவரில் பழுதுவேலை அப்போதுதான் முடிந்திருந்தது. வீடு முழுக்கத் தூசி.

இந்த மாதிரி வீடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அறைகள் சிறியவை, நிலைகள் குட்டை, வண்டி நிறுத்த இடமிருக்காது, பொதுச்சுவருக்கு அந்தப்புறம் இருமினால் இங்கே கேட்கும். இதெல்லாம் பழகிவிடும். எனக்குப் பழகாதது, எங்களுக்கு முன் இருந்தவர்கள் சுவரின் அடியில் இடுப்பளவுக்குப் பூசிவிட்டுப் போன சிமெண்ட்.

அவர்களைத் திட்டவும் முழு மனம் வரவில்லை. ஓதம் ஏறிச் சுவர் பொரிந்தால், கெட்டியாக எதையாவது பூசத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காற்றில் உலரும். அந்த வழி திறந்திருக்கும்வரை சுவர் தாங்கும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறுகிறது. கூட வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் முதலில் சொன்னார்: "தம்பி, அலமாரியை நகர்த்திட்டு அடிச்சுவரைத் தட்டிப் பாருங்க." தட்டினால் பொள்ளென்று சத்தம். உளியை வைத்ததும் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது, செங்கலின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு. மிச்சமிருந்த செங்கல் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. அதன்மேல் பஞ்சு பஞ்சாக வெள்ளை உப்பு. அத்தனை காலம் நின்ற சுவரை ஒரே ஒரு பூச்சு இப்படித் தின்றிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

சிமெண்டை மொத்தமாகப் பழிக்கவில்லை. ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் உலகம் கட்டிய எத்தனையோ கட்டடங்கள் அதில்தான் நிற்கின்றன. புது வீட்டுக்கு அது சரி. பழைய சுவரில் மேல்பூச்சு சுவரைவிட மென்மையாக இருக்கவேண்டும். தேயவேண்டியது பூச்சு, செங்கல் அல்ல. இதைக் கொத்தனார்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்தவர்களெல்லாம் ஈரம் புகாத ஏதோ ரசாயனத்தையே சிபாரிசு செய்தார்கள். கடைசியில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தார். அவர் அவசரப்படவே இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு நாளாகும். மெல்லிசாக ஒரு பூச்சு, லேசாக ஈரம் காட்டல், காத்திருத்தல், மறுபூச்சு. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும் என்றார்.

இனி சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவர் கனமென்பதால் உச்சிவெயில் உள்ளே வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதே கனத்தால் சன்னல் மாடம் ஆழமாக இருக்கிறது. என் மகள் அதில் கால் நீட்டிப் படிக்கிறாள், தெருவில் போகிறவர்கள் நின்று என்ன பாடம் என்று விசாரிக்கிறார்கள். வீடுகள் சிறியவை என்பதால் எல்லோரும் பாதிப் பொழுது வாசலில்தான். தெரு குறுகல் என்பதால் வண்டிகள் ஊர்ந்துதான் போக முடியும், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுகிறார்கள். சுவர் உடைத்த நாட்களில் எங்கள் பாத்திரம் பண்டம் எல்லாம் மூன்று வீட்டில் பிரிந்து கிடந்தன. யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை, அவர்களே வந்து எடுத்துப்போனார்கள்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அடிச்சுவரில் சிமெண்ட் இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். செலவு ஒருமுறையில் முடியாது, ஆளும் லேசில் கிடைக்க மாட்டார். அப்படியானால் உங்கள் வீட்டை விற்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். மாட்டேன். மாடிப்படிச் சுவரிலும் இதே சிமெண்ட் இருக்கிறது, மழை முடிந்ததும் அதை உடைக்கப்போகிறோம்.