போதை மருந்துத் திருட்டைப் பிடிக்க: மாதச் சராசரியா, டோஸ் கணக்கா?

அமெரிக்க மருத்துவமனைகளில் ஃபென்டனில், மார்ஃபின் போன்ற போதை தரும் வலி மருந்துகள் பெரும்பாலும் வார்டிலுள்ள தானியங்கி மருந்துப் பெட்டகத்தில்தான் இருக்கும். யார், எந்த நோயாளிக்கு, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பது அதில் பதிவாகிவிடும். அந்தப் பதிவை வைத்து ஊழியர்களின் திருட்டைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

பழைய வழி, மாதம் ஒருமுறை ஒவ்வொரு நர்ஸும் எடுத்த அளவை வார்டு சராசரியோடு ஒப்பிட்டு, 3 திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மற்றவர்கள் வழக்கமாக விலகும் அளவைப் போல மூன்று மடங்கு) தாண்டியவரை விசாரிப்பது. தனிச் செலவில்லை. ஆனால் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தவர்தான் முதலில் மாட்டுவார். இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை: 10 பேர் மட்டும் வேலை பார்க்கும் வார்டில் ஒருவர் எவ்வளவு எடுத்தாலும் அந்த 3-ஐத் தாண்டவே முடியாது. அவர் எடுப்பதே சராசரியையும் விலக்கத்தையும் சேர்த்து உயர்த்திவிடும்.

அதனால் நான் டோஸ் கணக்கின் பக்கம். ஒவ்வொரு டோஸுக்கும் எடுத்தது = கொடுத்தது + மீதியைக் கொட்டியது + திருப்பி வைத்தது. 10 மி.கி. மார்ஃபின் எடுத்து 4 கொடுத்திருந்தால், மீதி 6 எங்கே என்பதற்குச் சாட்சியோடு பதிவு வேண்டும். சராசரிக்குள் அடக்கமாக எடுப்பவரும் இதில் சிக்குவார். சிறிய குப்பி இருக்கும்போதே பெரியதை எடுப்பது, டிஸ்சார்ஜ் ஆனவர் பெயரில் எடுப்பது, எப்போதும் ஒரே சாட்சி, மூன்று மணி நேரம் கழித்துக் கொட்டுவது எல்லாம் தெரியவரும். திருட்டு என்று தெரிந்ததும் ஒரு வேலை நாளுக்குள் டிஇஏ-வுக்கு (போதை மருந்துகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) எழுத்தில் தெரிவிக்க வேண்டிய நாட்டில், மாதக் கடைசி வரை காத்திருப்பது சரியில்லை.

ஆனால் இதற்குப் பராமரிப்பு வேண்டும். பலரும் கைவிடுவது இங்கேதான். பெட்டகத்தின் கடிகாரமும் நோயாளிப் பதிவேட்டின் கடிகாரமும் 12 நிமிடம் விலகினால் போதும், மருந்தை எடுப்பதற்கு முன்பே கொடுத்ததாகக் கணக்கு காட்டும். வாரம் ஒருமுறை இரண்டையும் சரிபாருங்கள். பெட்டகம் குப்பியை எண்ணும், பதிவேடு மி.கி. எழுதும், இரண்டையும் பொருத்துவது ஓர் அட்டவணை. மருந்தகம் வேறு கம்பெனிச் சரக்கு வாங்கிய அன்று புதிய குறியீட்டை அதில் ஏற்றாவிட்டால் அந்த மருந்தின் எல்லா டோஸும் எச்சரிக்கையாக வரும். பொய் எச்சரிக்கை குவிந்தால் பார்ப்பவர் பார்ப்பதை நிறுத்திவிடுவார், உண்மையானதும் அதோடு போகும். நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்திலும் அறுவை அரங்கிலும் கொடுத்த நேரம் பின்னால் எழுதப்படுவதால் அங்கே இதை முழுதாக நம்ப மாட்டேன்.

ஆளுக்கொரு ஆபத்து மதிப்பெண் தரும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. மதிப்பெண்ணுக்குக் காரணமான பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினால் வாங்கலாம். வெறும் எண்ணை வைத்து ஒருவரின் வேலையில் கை வைப்பது அநியாயம்.

இரண்டு வழிக்குமே அகப்படாத திருட்டு ஒன்று உண்டு. 2012-ல் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டர் மருத்துவமனையில் வெளிவந்தது அதுதான். ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிகளில் உப்புநீர் நிரப்பி வைத்தார் ஒரு டெக்னீஷியன். அவரிடமிருந்து நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்று பரவியது. 39 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அப்படிப்பட்ட ஊசிக்குக் கணக்கு நேராகவே இருக்கும். கொட்டுவதற்காக வரும் மீதியில் அவ்வப்போது சிலவற்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அது தெரியும்.