கிசான் பணத்துக்கு ரேகை வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அம்மா பெயரில் ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று தவணையாக வரும் பி.எம். கிசான் 6,000 ரூபாய்தான் அவருக்கு உரச் செலவுக்குக் கைகொடுக்கும். போன தவணை 2,000 ஏறவில்லை. இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளை உறுதி செய்வது) முடிக்காததால் நின்றிருக்கும் என்று யாரோ சொல்ல, பக்கத்து டவுனில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குத் தனியாகவே போயிருக்கிறார்.

2020-ல் இந்தத் திட்டத்தில் விவசாயியே இல்லாதவர்களைச் சேர்த்து, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு நடந்தது. எங்கள் மாவட்டமும் அதில் அடிபட்டது. அதிலிருந்து தவணை நின்றாலே, பெயரை எடுத்துவிட்டார்களோ என்று ஊரில் படபடப்பு. அந்தப் பதற்றத்தில் யார் சொன்னாலும் விரலை நீட்டிவிடுகிறோம்.

களையெடுத்துத் தேய்ந்த விரல் அம்மாவுடையது. ரேஷன் கடையிலேயே இரண்டு மூன்று தடவை வைத்தால்தான் ரேகை விழும். அதனால் சென்டரில் இருந்தவர், "சரியா விழலம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றபோது சந்தேகமே வரவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்திருக்கிறார். கடைசியில், "முடிஞ்சுது, அடுத்த தவணை வந்துடும்" என்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

ஐந்து வாரம் கழித்து நான் ஊருக்குப் போனபோது பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தோம். அம்மா சென்டருக்குப் போன அதே தேதியில், சில நிமிட இடைவெளியில், 5,000 ஒன்று, 3,000 ஒன்று என ஆதார் வழியாகப் பணம் எடுத்திருக்கிறது. மல்லாட்டை (நிலக்கடலை) விற்ற காசு. வங்கியில் இருந்தது பழைய போன் நம்பர், அதனால் மெசேஜும் வரவில்லை.

எப்படி என்றால், ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை, இந்த மூன்றும் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். கேஒய்சிக்கு வைக்கிற அதே மெஷினில்தான் பணம் எடுக்கவும் விரல் வைக்கிறோம். திரையில் என்ன திறந்திருக்கிறது என்பது உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். இரண்டாவது தடவை விரல் கேட்டால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஆதாரில் உங்கள் போன் நம்பர் இருந்தால், பி.எம். கிசான் இணையதளத்தில் ஓடிபி போட்டு வீட்டிலேயே முடித்துவிடலாம். திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதியும் 2023-லிருந்து இருக்கிறது. செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கிசான் லிங்க்கைத் தொடாதீர்கள், அது வேறு கொள்ளை.

ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கவும் முடியும். நான் இப்போது அம்மாவுக்குப் பூட்டிவிட்டேன். ரேஷன் வாங்கும் நாளில் திறந்து கொடுக்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் தொல்லைதான், பரவாயில்லை.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்தோம், வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம். 8,000 ரூபாய் இன்னும் வரவில்லை. இவ்வளவுக்கும் தவணை நின்றதற்குக் காரணம் கேஒய்சியே இல்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இருந்தும், அரசு உதவிப் பணம் வந்து சேரும் கணக்காக அதை இணைக்காததுதான். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டோம், பத்து நிமிடத்தில் பார்த்துச் சொன்னார்கள். காசு கேட்கவில்லை.