செகண்ட் ஹேண்ட் எக்ஸ்பல்ஸ் 200: வாங்கிய விதமும் 9,000 கிலோமீட்டர் அனுபவமும்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 என்ற இந்த வண்டியை நான் ஊர் சுற்ற வாங்கவில்லை, வேலைக்காக வாங்கினேன். சத்தியமங்கலத்தில் இருந்துகொண்டு தாளவாடி, கடம்பூர் பக்கத்துத் தோட்டங்களில் சோலார் வேலி போடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். யானை கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது என்று போன் வந்தால் அன்றைக்கே கிளம்பியாக வேண்டும், ஒரு ராத்திரி வேலியில் கரண்ட் இல்லை என்றால் மூன்று மாதம் பாடுபட்ட மக்காச்சோளம் விடிவதற்குள் போய்விடும். பின் சீட்டில் 12 வோல்ட் பேட்டரி, ஒரு பை நிறையச் சாமான், கம்பிச் சுருள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஏழு வருடம் ஒரு 100 சிசி வண்டியில்தான் ஓடினேன். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அது மெதுவாக ஏறிவிடும், அது தார் ரோடு. தார் முடிந்து தோட்டத்துத் தடம் ஆரம்பிக்கிற இடத்தில்தான் கஷ்டம். கல்லில் அடி தட்டும், மழைக்காலத்தில் பள்ளத்தைத் தாண்ட முடியாது, வண்டியை நிறுத்திவிட்டு பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

மலைக்கு என்றால் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கு என்று நிறையப் பேர் சொன்னார்கள். நண்பருடைய 411 சிசி ஹிமாலயனை இரண்டு நாள் வாங்கி ஓட்டியும் பார்த்தேன், அருமையான வண்டி, உட்கார்ந்தால் இறங்க மனசு வராது. ஆனால் அதன் எடை 199 கிலோ. நான் தனியாகப் போகிறவன். செம்மண் சரிவில் சறுக்கிச் சாய்ந்தால் கை கொடுக்க ஆள் கிடைக்காது, ஆளை விட யானை வர வாய்ப்பு அதிகமான இடம். எக்ஸ்பல்ஸ் 200 பிஎஸ்6 மாடலுக்கு (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான அரசு விதி) எடை 157 கிலோ. அந்த 42 கிலோ வித்தியாசம் பேப்பரில் சின்னதாகத் தெரியும். கீழே கிடக்கிற வண்டியை முதுகைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரியது என்று புரியும். எனக்கு இதை விட முக்கியமான காரணம் வேறு எதுவும் இல்லை.

இதே ஹீரோவின் பழைய இம்பல்ஸ் 150 இன்னும் லேசானது, ஆனால் 2011-இல் வந்து சில வருடங்களிலேயே நின்றுபோன வண்டி, நல்ல நிலையில் இப்போது கிடைப்பது அபூர்வம். 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 ஷோரூம் விலையே 1.76 லட்சத்தில் ஆரம்பித்தது, என் பட்ஜெட் 90 ஆயிரம். ஆகவே பழைய 200-தான். அதிலும் மூன்று வகை இருப்பதைத் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 2019 மே மாதம் வந்தது பிஎஸ்4, கார்புரேட்டரிலும் எஃப்ஐ என்கிற ஃப்யூயல் இன்ஜெக்ஷனிலும் கிடைத்தது. 2020-இல் வந்தது பிஎஸ்6, எஃப்ஐ மட்டும், கூடவே ஆயில் கூலர். 2021 அக்டோபரில் நான்கு வால்வு எஞ்சின் வந்தது, அதைத்தான் 4வி என்கிறார்கள். 4வியில் மேல் ஸ்பீடில் இழுவை கூடுதல், அதற்கேற்ப பழைய வண்டி விலையும் கூடுதல். நாள் முழுக்க இரண்டாவது மூன்றாவது கியரில் ஓடுகிற எனக்கு 2வி, அதாவது இரண்டு வால்வு பிஎஸ்6 போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் பார்த்தது கோயமுத்தூரில் ஒரு பழைய வண்டிக் கடையில். மீட்டரில் 9,000 கிலோமீட்டர்தான், பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள். நான் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லியிருந்தேன், போய் எஞ்சினில் கை வைத்தால் சூடு. பழைய வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எப்படிச் சத்தம் போடுகிறது என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும், அதைத் தெரியவிடக் கூடாது என்று நினைத்தால்தான் முன்கூட்டியே சூடாக்கி வைப்பார்கள். என் கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகக் கீழே படுத்துவிட்டார். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் காக்கிற பேஷ் பிளேட் புதிது. மற்ற எல்லாம் நான்கு வருடப் பழையது, இது மட்டும் ஏன் புதிது? ஸ்டீரிங் தலைக்குக் கீழே, சேசிஸ் வெல்டிங் பக்கத்தில் பெயிண்ட் நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. ஹேண்டில்பாரை மெதுவாக இடது வலது திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்து எழுந்தது, அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அண்ணன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, டீ குடிக்கலாம்" என்றார். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டோம்.

இந்த மாதிரி வண்டிகளில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண வண்டி என்றால் குறைவாக ஓடியது நல்லது என்று சொல்லலாம். மண்ணில் ஓட்ட என்றே செய்த வண்டியில் 9,000 கிலோமீட்டரும் வீலி தூக்குவதும் மேட்டில் இருந்து குதிப்பதுமாக ஓடியிருக்கலாம், 40,000 கிலோமீட்டரும் ஆபீசுக்குப் போய் வந்ததாகவே இருக்கலாம். எது எப்படி என்று அடிப்பாகம்தான் சொல்லும். பேஷ் பிளேட்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை, அதன் வேலையே அடி வாங்குவதுதான், ஆனால் ஆழமாக நசுங்கியிருந்தால் அதற்கு மேலே இருக்கிற சேசிஸ் குழாயைத் தடவிப் பாருங்கள். கால் வைக்கிற பெக் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, பிரேக் லீவர் க்ளட்ச் லீவர் முனைகள் தேய்ந்திருக்கிறதா, வலது பக்கம் மேலே தூக்கிப் போகிற சைலன்சரில் அமுங்கல் இருக்கிறதா, ஆயில் கூலரின் மெல்லிய தகடுகள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், இறுக்கமான கம்பி 'டிங்' என்று பேசும், தளர்ந்தது மொத்தையாகச் சத்தம் தரும். பின்னால் இருக்கிற பிடிகம்பியைப் பிடித்து லேசாக மேலே தூக்கினால் ஸ்பிரிங் எழும் முன்பே ஒரு ஆட்டம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் பின் ஷாக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற மோனோஷாக் லிங்கேஜின் புஷ் தேய்ந்திருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருப்பது, இவை எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாத ஒன்று ஏர் ஃபில்டர். ஸ்க்ரூக்களைக் கழற்றினால் போதும், பெட்டிக்குள்ளே காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் அந்த வண்டி தண்ணீரில் முங்கியிருக்கிறது. அப்படியே ஆயில் மூடியையும் திறந்து பாருங்கள், ஆயில் கறுப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, விலையைப் பேசவே பேசாதீர்கள்.

இரண்டாவது வண்டி கோபியில். வண்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் ஃபைனான்ஸ் இன்னும் ஆர்.சி.யில் இருக்கிறது. "டியூ எல்லாம் கட்டியாச்சுங்ணா, லெட்டர் மட்டும் வாங்கணும்" என்றார் விற்கிறவர். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கடன் கொடுத்த இடத்தின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யில் இருந்து கடனை நீக்குகிற ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். இரண்டு வாரம் காத்திருந்தேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாவது பெருந்துறையில் கிடைத்தது. 2021 மாடல், 31,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். ஒரு கல்லூரி லேபில் வேலை பார்க்கிற தம்பி, தினமும் ஈரோடு போய் வந்த வண்டி. பெட்ரோல் தொட்டியில் கீறல், சீட் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது, பார்க்க ஒன்றும் பளபளப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வைத்திருந்தார், பில்லில் இருக்கிற கிலோமீட்டரும் மீட்டரும் சீராக ஒத்துப்போனது. டிஜிட்டல் மீட்டரையும் குறைத்து வைக்க முடியும் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் கட்டாயம் செய்வேன். வண்டியைப் பார்க்கும் முன்பே, "அண்ணா, பின்னாடி டயர் முடிஞ்சுது, செயின் செட்டும் மாத்தோணும், அதை நீங்களே கணக்குப் போட்டுக் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். தன் வண்டியின் குறையைத் தானே முதலில் சொல்கிற ஆளிடம் வாங்குவது ஒரு பெரிய நிம்மதி. சேசிஸ் நம்பரை ஸ்டீரிங் தலையில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டோம், அடிப்பாகம் சுத்தம், காலையில் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆனது. 88 கேட்டார், 82 ஆயிரத்துக்கு முடிந்தது.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேர் மாற்ற ஃபார்ம் 29, ஃபார்ம் 30. விற்றவர் தமிழ்நாட்டுக்குள்ளே என்றால் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்ட ஃபார்ம்களோடு நாலு கை மாறி வருகிற வண்டியைத் தொடாதீர்கள், நடுவில் யாரோ செய்த விபத்துக்கு முதல் ஓனர் கோர்ட்டுக்கு அலைகிறார், கடைசியாக வாங்கியவர் வண்டியை விட்டுவிட்டு நிற்கிறார். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதியே இருக்கிறது, கடையில் வாங்கினால் அதைக் கேட்டுப் பாருங்கள். கர்நாடகா நம்பர் வண்டி விலை குறைவாக வரும், ஆசைப்படும் முன்பு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தர வேண்டிய ஃபார்ம் 28 என்.ஓ.சி., திரும்ப இங்கே கட்ட வேண்டிய ரோடு டாக்ஸ் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இ-செலான் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. 2018 செப்டம்பரில் இருந்து புது டூவீலருக்கு 5 வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வந்துவிடுகிறது, அதைப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் தனி, என் வண்டிக்கு அது எப்போதோ முடிந்திருந்தது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். விற்றவருடைய நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது.

சரி, வண்டிக்கு வருகிறேன். எட்டு மாதம், 9,000 கிலோமீட்டர். முதல் நாளே பெருந்துறையில் இருந்து கோபி வழியாகச் சத்திக்கு ஓட்டி வந்தபோது தெரிந்தது, இது 50, 60-இல் போகப் பிறந்த வண்டி. ஐந்து கியர்தான், எஞ்சின் சுமார் 18 குதிரைத்திறன், 85-ஐத் தாண்டினால் கைப்பிடியில் அதிர்வு ஏறுகிறது. தினமும் சேலம் பைபாஸில் நூறில் போக வேண்டியவர்களுக்கு இது வேண்டாம், உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனால் கெம்பநாயக்கன்பாளையம் தாண்டி கடம்பூர் மலை ஏறி, அங்கிருந்து மாக்கம்பாளையம் பக்கம் போகிற பாதையில் விட்டுப் பாருங்கள். முன்னால் 21 இன்ச் சக்கரம், தலையளவு கல் மேலேயும் ஏறி இறங்கி நேராகப் போகிறது, பழைய வண்டியில் ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் போவேன். தரையில் இருந்து 220 மில்லிமீட்டர் உயரம், முன் ஷாக் 190 மில்லிமீட்டர் வேலை செய்கிறது, பேட்டரி வைத்திருந்தும் அடி தட்டுவது நின்றுவிட்டது. எழுந்து நின்று ஓட்டினால் முழங்கால் தானாகத் தொட்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், மண் இறக்கத்தில் பின் சக்கரத்தைப் பூட்டி இறக்க அது வசதி, அதே குணம் ஈரத் தார் ரோட்டில் பாரத்தோடு போகும்போது ஆபத்து, பின் பிரேக்கை மிதிக்கும் கால் பழகும் வரை நிதானமாகப் போங்கள். ஐப்பசி மழையில் ஒரு பள்ளத்தின் ஏற்றத்தில் பாசிக் கல்லில் வழுக்கி வண்டி சாய்ந்தது. பேட்டரியை அவிழ்த்து வைத்துவிட்டு, ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, முதுகைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கினேன், தனியாக. அந்த ஒரு நாளில் 82 ஆயிரமும் எனக்கு வசூல் ஆகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பாதி இடம் புலிகள் காப்பகம். இந்த வண்டி எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்பதற்காகக் காட்டுக்குள் தடம் போடாதீர்கள், ஊருக்குப் போகிற பாதை, தோட்டத்துத் தடம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சத்தம் போட்டு விரட்டிய யானை ராத்திரி யாருடைய வேலிக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

மைலேஜ் பாரத்தோடு மலையில் 37, கீழே 42 வரை. 13 லிட்டர் தொட்டி, மேலே பங்க் தேடியதே இல்லை. ட்யூப் டயர் என்பதால் பஞ்சர் போடத் தெரிந்திருக்க வேண்டும், சத்தியில் மூன்று கடை ஏறி இறங்கியும் 21 இன்ச் ட்யூப் கிடைக்காமல் ஈரோட்டில் வாங்கினேன். அப்போதிருந்து ஒரு முன் ட்யூப் எப்போதும் பையில் இருக்கிறது, அவசரத்துக்குப் பின் சக்கரத்துக்குள்ளும் அதையே திணித்து வீடு வந்து சேரலாம். பின் டயர், செயின் செட், பிரேக் பேட், ஆயில், கூலியோடு எல்லாம் சேர்த்து வாங்கிய முதல் மாதம் 11,400 ரூபாய் செலவு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இப்படி ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் இரண்டு ஆயில் சர்வீஸ் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

உயரம் ஐந்தரை அடிக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், சீட் 823 மில்லிமீட்டர். கடை வாசலில் சமமான தரையில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. ஏதாவது ஒரு பக்கச் சரிவில் நிறுத்தி, நீங்கள் தூக்கிப் போகப் போகிற சுமையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு காலை ஊன்றிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.