லூருக்குச் செவுளும் வரியும் இடுதல்: எந்த ஸ்டென்சில் எதற்கு உதவும்?

கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய மீன் வடிவத்தை, எல்லோரும் லூர் என்று சொல்லும் பொய் இரையாக மாற்றும் வேலையில், பலருக்கும் கை தடுமாறுவது அடிவண்ணம் பூசும் இடத்தில் அன்று. பூசிய வண்ணத்தின் மேல் செவுளும் வரியும் செதிலும் புள்ளியும் இடும் இடத்தில்தான். அதற்கு ஸ்டென்சில், அதாவது வெட்டிய வடிவத்தின் வழியே மட்டும் வண்ணம் விழச்செய்யும் மறைப்பு, வைத்துக்கொள்வதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த ஸ்டென்சில் என்று கேட்டால் ஒரே சொல்லில் விடை கூற முடியாது. அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் குளங்களில் விராலுக்கும், எப்போதாவது உவரிக் கரையிலிருந்து பாறை மீனுக்கும் வீசுவதற்காக இரை செய்துவரும் நான், வெவ்வேறு வழிகளை ஒரே அளவுள்ள கட்டைகளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தேன். கட்டைகள் எல்லாம் 9 செ.மீ. நீளம் உடையவை, பாதி தட்டையான விலா உடையவை, பாதி உருண்டவை. எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பிரைமர், ஒரே வண்ணம், காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும், 0.3 மி.மீ. நாசியுள்ள ஒரே ஏர்பிரஷ்.

ஒப்பிடத் தொடங்கும் முன் உயிருள்ள மீனை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறையில் நின்று, மக்கள் போடும் பொரிக்குத் திரளும் மீன்களைப் பார்த்தால், அவற்றின் உடம்பில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பது விளங்கும். செவுள் மூடியின் விளிம்பு கத்தியால் கீறியதுபோலக் கூர்மையானது. முதுகின் கருமை வயிற்றின் வெண்மைக்குள் இறங்கும் இடத்திலோ கோடே கிடையாது. ஒன்று மற்றொன்றில் கரைந்துவிடுகிறது. விராலின் விலாவில் உள்ள பட்டைகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. மேலே அழுத்தமாகத் தொடங்கிக் கீழே மங்கி மறைபவை. ஆகவே ஒரு ஸ்டென்சிலை மதிப்பிடும்போது, அது எவ்வளவு அழகாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைவிட, கூரான விளிம்பு வேண்டிய இடத்தில் கூராகவும், கரைய வேண்டிய இடத்தில் கரைந்தும் வண்ணத்தை விழச் செய்கிறதா என்பதையே நான் பார்க்கிறேன்.

முதலில், பெரும்பாலோர் கையில் எடுக்கும் தட்டைப் பிலிம். பழைய எக்ஸ்ரே பிலிமை பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் மேலுள்ள படலம் உரிந்து, இளநீலமான தெளிந்த தாள் கிடைக்கும். (இப்போது ஸ்கேன் மையங்களில் உலர்முறையில் அச்சிட்டுத் தரும் பிலிம்கள் இப்படித் தெளிவதில்லை, பழைய வகையைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.) அதன் அடித்தாள் பாலியெஸ்டர் என்பதால் தின்னர் பட்டாலும் கரைவதில்லை, முறுக்கிக்கொள்வதில்லை. கடையில் விற்கும் ஓஎச்பி எனப்படும் தெளிந்த தாளிலும் பாலியெஸ்டர் வகையே நல்லது. அசிட்டேட் வகையில் தின்னர் பட்டால் விளிம்பு இளகிப்போகும்.

இந்தப் பிலிமின் பெருஞ்சிறப்பு, அதைக் கையில் பிடிக்கும் விதத்தாலேயே விளிம்பை ஆள முடிகிறது என்பது. உடலோடு ஒட்டிப் பிடித்தால் கோடு கூராக விழும். 2 அல்லது 3 மி.மீ. தூக்கிப் பிடித்தால் அதே வெட்டு மங்கலான நிழலாக விழும். விரால் பட்டைக்கு மேல்நுனியை ஒட்டியும் கீழ்நுனியைத் தூக்கியும் சாய்த்துப் பிடித்தால், மீனில் உள்ளது போலவே மேலே அழுத்தமும் கீழே மங்கலும் ஒரே வீச்சில் கிடைக்கின்றன. வேறு எந்த வகையிலும் இது இவ்வளவு எளிதில் வருவதில்லை. மேலும், இடப்பக்கத்துக்கு வெட்டியதை அப்படியே புரட்டிப் போட்டால் வலப்பக்கத்துக்கும் ஆயிற்று.

ஸ்டென்சில் நழுவாமல் இருக்க, நான் கண் இருக்கும் இடத்தில் 4 மி.மீ. வட்டம் ஒன்றையும் சேர்த்து வெட்டிவிடுவேன். கட்டையில் கண்ணுக்கென முன்பே குடைந்த சிறு பள்ளத்தின் மேல் அந்த வட்டம் பொருந்தினால், செவுளின் வளைவு தானே தன் இடத்தில் போய் உட்காரும். பிலிம் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டியதன் தேவை இதுதான். அட்டையில் வெட்டினால் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாக வைக்க நேரும்.

அதன் குறை உருண்ட கட்டையில் வெளிப்படுகிறது. தட்டைத் தாள் ஒரு திசையில் மட்டுமே வளையும். எலுமிச்சம்பழத்தின் மேல் காகிதத்தை மடிப்பு விழாமல் ஒட்ட முடியாததற்கும் இதுதான் காரணம். கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றத்திலிருந்தே இது பெறப்படுகிறது. மீனின் தலைப்பகுதி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒருசேர வளைவதால், பிலிமின் ஒரு விளிம்பை அழுத்தினால் மறு விளிம்பு எழும்பும். எழும்பிய இடத்தில் வண்ணத்தூசி உள்ளே புகுந்து கோடு கசங்கும். காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, ஏர்பிரஷை நேர்செங்குத்தாகப் பிடித்து, ஈரம் தேங்காமல் மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடித்தால் இது குறையும், முற்றிலும் தீராது. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்று மொட்டைமாடியில் வீசும்போது, தூக்கிப் பிடித்த பிலிம் படபடக்குமே தவிர வேலை நடக்காது. அந்த மாதத்தில் நான் சன்னலைச் சாத்திய அறைக்குள், முகமூடி அணிந்துதான் அடிக்கிறேன்.

இக்குறைக்கு நான் கண்ட மிக நல்ல மாற்று, வீட்டில் வீணாகும் தண்ணீர் பாட்டில். பெட் பாட்டில்கள் இழுத்து ஊதி உருவாக்கப்படுபவை ஆதலால், வெப்பம் பட்டால் மீண்டும் சுருங்கும் இயல்புடையவை. பாட்டிலின் அடியை அறுத்து, வண்ணம் பூசாத மாதிரிக் கட்டையை உள்ளே நுழைத்து, வெப்பக்காற்றுத் துப்பாக்கியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால், பாட்டில் சுருங்கிக் கட்டையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கவ்விக்கொள்ளும். பார்க்கும்போதே அது மீனாகிவிடும். ஆறியபின் வயிற்றுக்கோட்டின் வழியே கீறிக் கழற்றினால், அந்தக் கட்டைக்கென்றே தைத்த சட்டைபோல ஓர் ஓடு கையில் இருக்கும். அதில் செவுளையும் பட்டைகளையும் மார்க்கரால் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல்முறை செய்தபோது நான் ஒரு தவறு செய்தேன். மாதிரிக் கட்டை வெறும் மரமாக இருந்தது. வண்ணம் பூச வேண்டிய கட்டைகளிலோ சீலரும் பிரைமரும் அடிவண்ணமும் ஏறியிருந்தன. அந்தக் கனம் சேர்ந்ததால் ஓடு இறுகிப்போய், கழற்றும்போது வால்பக்கத்து வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டு வந்தது. இப்போது மாதிரிக் கட்டையின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று சுற்றிய பிறகே சுருக்குகிறேன். ஓடு மயிரிழை தளர்ந்து, சரியாகப் பொருந்துகிறது.

உருண்ட கட்டையில் இந்த ஓடு தரும் செவுள்கோட்டுக்கு இணையாக வேறெதையும் நான் கண்டதில்லை. பிலிமில் கசங்கிய அதே வளைவு, இதில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கூர்மையோடு நிற்கிறது. ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. சுருங்கும்போது பிளாஸ்டிக் தடித்துவிடுவதால் வெட்டுவது கடினம். புதிய பிளேடு இல்லாமல் தொடக்கூடாது, விரல் பத்திரம். ஓர் ஓடு ஒரு வடிவத்துக்கு மட்டுமே ஆகும். கட்டையின் முதுகைச் சற்றே மாற்றிச் செதுக்கினாலும் ஓடு உதவாது. எல்லா இடத்திலும் ஒட்டியே இருப்பதால், மங்கலான பட்டை இதில் வராது. ஒரே வடிவத்தில் பத்துக்கு மேல் செய்பவருக்கு ஓடு; ஒவ்வொன்றையும் வேறு வேறாகச் செதுக்குபவருக்குப் பிலிம். நான் செவுளுக்கு ஓட்டையும் பட்டைக்குப் பிலிமையும் ஒரே மீனில் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது, ரேடியம் ஸ்டிக்கர் எனப்படும் ஒட்டுத்தாள். வண்டிகளின் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டும் கடைகளில், நாம் கணினியில் வரைந்து கொடுக்கும் படத்தையும் இயந்திரத்தில் வெட்டித் தருவார்கள். கையால் வெட்ட முடியாத சீரான வளைவுகள் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். இடமும் வலமும் தனித்தனியாக வேண்டும் என்று சொல்லியும், எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டுத்தாளைப் புரட்டி ஒட்ட முடியாதே, பாதி வீணாயிற்று. அது ஒருபுறம் இருக்க, மிஞ்சியதை ஒட்டிப் பார்த்ததில் தட்டை விலாவில் விளிம்பு மிகத் துல்லியமாக வந்தது. முடி உலர்த்தியால் சூடாக்கினால் தாள் சற்று இழுபட்டு, மிதமான வளைவிலும் படிகிறது. ஆயினும் உரிக்கும்போது அடிவண்ணம் கூடவே பெயர்ந்து வரும் அபாயம் எப்போதும் உண்டு. முந்தைய பூச்சு ஒரு முழுநாளாவது காய்ந்திருக்க வேண்டும். குற்றாலத்தில் சாரல் பொழியும் மாதங்களில், இந்தப் பக்கத்திலும் காற்றில் ஈரம் ஏறிவிடுவதால், ஒரு நாளும் போதாது. ஒட்டிய தாள் ஒன்றிரண்டு முறைக்கு மேல் உழைப்பதும் இல்லை. கடலுக்கான பெரிய தட்டை இரைகளில், அடர்ந்த நிறத்தில் நேர்க்கோட்டுப் பட்டை போடுவதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குளத்து இரைக்கு இது தேவையில்லை.

செதிலைப் பொறுத்தவரை ஒப்பிட ஒன்றும் இல்லை, வலைதான். கட்டையின் மேல் வலையை இறுக்கிச் சுற்றி, வயிற்றுப்பக்கத்தில் கிளிப்புகளால் கவ்வி, முதுகின் பக்கமிருந்து சாய்வாக அடித்தால், நூல் மறைத்த இடங்களில் அடிவண்ணம் தங்கிச் செதிலின் விளிம்பாகிறது; கண்ணிகளின் உள்ளே விழுந்த வண்ணம் செதிலாகிறது. எனவே விளிம்புக்கு வேண்டிய நிறத்தையே முதலில் பூச வேண்டும் என்பதை மறக்கலாகாது. தேர்வு எந்த வலை என்பதில்தான். கொசுவலையின் கண்ணி அறுகோணமாக, ஒரே சீராக விழும், 9 செ.மீ. கட்டைக்கு அதுவே அளவானது. குளியல் நாரின் வலை நெகிழ்வது. தலைப்பக்கம் இழுத்து, வால்பக்கம் தளர்த்திச் சுற்றினால், மீனில் உள்ளதுபோல வாலை நோக்கிச் செதில் சிறுக்கும். பூண்டு விற்கும் வலைப்பை பெரிய இரைக்கு மட்டுமே சரி; சிறியதில் அது செதிலாகத் தோன்றாமல் சாக்குப்பை நெசவாகத் தோன்றும். வலை வண்ணத்தில் நனைந்துபோனால் நூலோரம் தேங்கிக் கறை படியும். ஆகவே தூசுபோல மெல்ல அடித்து, ஈரம் காயுமுன் இழுக்காமல், மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும்.

சுற்றுவட்ட வளையங்கள் மட்டும் வேண்டுமானால் ஸ்டென்சிலே வேண்டாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களின் மேல் ஓடும் சிவப்பு, மஞ்சள் வளையங்களை நினைத்துப் பார்க்கலாம். சுழலும் கட்டையின் மேல் அரக்கு வண்ணத்தை அழுத்தியே கடைசல்காரர் அவற்றைப் போட்டுவிடுகிறார். கடைசலில் உருட்டிய இரைக்கு அந்த வழியே போதும்.

இனி வெறும் தூரிகை. ஸ்டென்சில் வந்தபின் தூரிகைக்கு வேலை இல்லை என்று கருதுவோர் உண்டு, நான் உடன்படவில்லை. கையால் இழுத்த பட்டை இரண்டு பக்கமும் ஒத்துவருவது அரிது என்பதும், ஓர் இரைக்குப் பிடிக்கும் நேரத்தில் ஸ்டென்சில் வைத்து ஐந்தை முடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் துடுப்பின் கதிர்க்கோடு, வாய்விளிம்பின் சிவப்பு போன்றவற்றுக்கு ஸ்டென்சில் வெட்டுவது வீண் உழைப்பு. புள்ளிக்கோ தூரிகையும் வேண்டாம். குண்டூசித் தலையையும் வெவ்வேறு ஆணித் தலைகளையும் வண்ணத்தில் தொட்டு வைத்தால், ஸ்டென்சில் வட்டத்தைவிட உருண்டையான, சற்றே மேடான புள்ளி கிடைக்கிறது. பூவிரால் குஞ்சின் வாலடியில் உள்ள கண் போன்ற புள்ளிக்கு, பெரிய ஆணியால் வெளிர்மஞ்சளை வைத்து, அது காய்ந்தபின் சிறிய ஆணியால் நடுவில் கருப்பை வைக்கிறேன்.

இத்தனை நுணுக்கம் மீனுக்குத் தெரியுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கலங்கிய குளத்து நீரில் விரால், நீரின் அதிர்வை உணர்ந்தே முதலில் திரும்புகிறது. அங்கே பத்துச் செதிலைவிட ஓர் அழுத்தமான பட்டை மேலானது. குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் தாய் விரால் இரைமேல் பாய்வது பசியால் அன்று, குஞ்சைக் காப்பதற்காக. அந்த நேரத்தில் நான் வீசுவதில்லை. உவரியில் நீர் தெளிந்திருக்கும் நாளில் செவுளும் செதிலும் வேலை செய்கின்றன என்றே நம்புகிறேன்.

கடைசியாக, எந்த ஸ்டென்சிலும் உதவாத ஒரு மீனையும் சொல்ல வேண்டும். மீனியல் அறிஞர் இ.ஜி. சைலாஸ் 1954-இல் விவரித்து, நம் தாமிரபரணி ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகப் பெற்ற டாகின்சியா தாம்பரபரணியே என்ற கெண்டையின் விலாவில் கருந்திட்டுகள் உண்டு. அந்தத் திட்டுகளைப் பிலிமில் வெட்டினேன். முத்திரை குத்தியதுபோல விறைப்பாக விழுந்தன. ஓட்டில் வெட்டினேன், இன்னும் மோசம். பிறகு செய்தித்தாளை விரலால் கிழித்து, அந்தப் பிசிறு விளிம்பையே கட்டையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தபோதுதான், திட்டு தோலுக்குள்ளிருந்து எழுந்ததுபோல அமைந்தது. கிழித்த தாள் ஈரம் ஏறி ஒரு பக்கத்தோடு தீர்ந்துவிடும்; மறுபக்கத்துக்கு வேறொன்று கிழிக்க வேண்டும்; இரண்டு பக்கமும் ஒன்றாக இராது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, மேலே எபாக்சி என்னும் பிசினைப் பூசிச் சுழலும் கம்பியில் மாட்டியிருக்கிறேன். மலைமேல் ஆறு புலிகள் காப்பகத்துக்குள் ஓடுவதால் அங்கே வீச வழியில்லை. கார்த்திகை மழையில் குளம் பெருகியபின், குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இங்கேதான் முதலில் வீச வேண்டும்.