முள் மீட்டரா, அல்ட்ராசோனிக் மீட்டரா? கோவை வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்

எங்கள் தெருவில் தண்ணீர் வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும். குழாயில் புஸ்ஸென்று காற்று கிளம்பும். மீட்டரின் சின்னச் சிவப்புச் சக்கரம் பம்பரமாகச் சுற்றும். சம்ப்பில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. "பாருங்ணா, காத்துக்கும் சேத்துத்தான் காசு கட்டறோம்" என்பார் பிளம்பர் தம்பி.

அவர் சொல்வது சரிதான். முள் மீட்டருக்குள் இருப்பது ஒரு விசிறிச் சக்கரம். அதைச் சுற்றுவது சிறுவாணித் தண்ணியா, வெறும் காற்றா என்று அதற்குத் தெரியாது. அல்ட்ராசோனிக்கில் சுழலும் பாகமே கிடையாது. தண்ணீர் போகும் திசையில் ஓர் ஒலி, எதிர்த்திசையில் ஓர் ஒலி என்று அனுப்பி, இரண்டும் போய்ச்சேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடும். குழாய் நிரம்பாவிட்டால் அளக்காது. விலை பல மடங்கு என்றாலும், விட்டு விட்டுத் தண்ணீர் வரும் தெருவில் இது நமக்கு லாபம்.

சரி, இன்னொரு பக்கம் பார்ப்போம். முள் மீட்டருக்கு வயதானால் சக்கரம் தேய்ந்து குறைத்துக் காட்டும். புதுசு மாட்டிய மாதமே பில் எகிற, "புது மீட்டர் ஓவரா ஓடுது" என்று சண்டைக்குப் போவோம். பெரும்பாலும் பழசு மெதுவாக ஓடியதுதான் விஷயம். இத்தனை வருஷம் கிடைத்த சத்தமில்லாத தள்ளுபடி அது.

அதைவிடப் பெரிய தள்ளுபடி ஒழுகலில் இருக்கிறது. தண்ணீர் மீட்டருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 779. அதன் 'பி' வகுப்பு அரை இஞ்ச் முள் மீட்டர் மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே சரியாக அளக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆர்160 தர அல்ட்ராசோனிக் (ஒரே அளவு மீட்டரில் இந்த எண் கூடக்கூட மெல்லிய ஓட்டத்தையும் அளக்கும்), வீட்டு அளவில், மணிக்குச் சுமார் 16 லிட்டரிலேயே பிடித்துவிடும். ஃப்ளஷ் டேங்க் மணிக்கு 20 லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 480, மாதத்துக்கு 14,400 லிட்டர். சம்ப் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் இல்லை. ஒழுகிய தண்ணீரைச் சம்ப் மறுபடி முழு வேகத்தில்தான் நிரப்பிக்கொள்ளும், எந்த மீட்டரும் அதை எண்ணிவிடும். ஆனால் 24 மணி நேரமும் தண்ணீர் வந்து, நேராக வீட்டுக்குள் ஏறும் இணைப்பில் நூல் மாதிரி ஓடுவதை முள் மீட்டர் குறைத்து எண்ணலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். அல்ட்ராசோனிக் விடாது.

வேடிக்கை இங்கேதான். கோவையில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் 2018-இல் சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போனது. இப்படிப்பட்ட திட்டத்தோடு நவீன மீட்டரும் கைகோத்து வருவது வழக்கம். குழாய் எப்போதும் நிரம்பியிருந்து காற்றுத் தொல்லை இல்லாத இடத்தில் காற்றை எண்ணாத மீட்டரால் நமக்கு என்ன மிச்சம்? ஒழுகலை எண்ணுவதால் வரும் மிச்சம் தண்ணீர் விற்பவருக்கு.

அப்புறம் லைன் வீடுகள். ஒரே இணைப்பில் ஆறு குடித்தனம். குடித்தனத்துக்கு 10 கிலோலிட்டர் (10,000 லிட்டர்) என்றாலும் மீட்டருக்கு அது 60 கிலோலிட்டர் குடிக்கும் ஒரே வீடு. படிப்படியாக ஏறும் கட்டணமென்றால் மேல் படிக்குப் போய்விடும். "நாங்க ரெண்டே பேருங்க, அந்த வீட்ல தினமும் வாஷிங் மெஷின் ஓடுது" என்ற பஞ்சாயத்துக்கு வீட்டுக்கொரு சாதா மீட்டர் போதும். பங்கு பிரிக்கலாம், படி இறங்காது. தனித்தனி இணைப்பு கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

பராமரிப்பில் என் ஓட்டு முள் மீட்டருக்கு. மண் அடைத்தால் கழற்றி வடிகட்டியைக் கழுவலாம். அல்ட்ராசோனிக்கின் பேட்டரி உள்ளே வைத்து மூடப்பட்டது. அது தீர்ந்தால் பெரும்பாலும் மீட்டரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் சம்ப் இருக்கிறது, முறை வைத்துத்தான் தண்ணீர். அதனால் அல்ட்ராசோனிக் வந்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். போன வாரம் ஃப்ளஷ் டேங்க் வாஷரை மட்டும் மாற்றி வைத்தேன். நாற்பது ரூபாய் ஆனது.