வெந்த பிறகு எந்தப் பயறு முந்துகிறது?

பயறு பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 20 கிராம், 24 கிராம் என்று போட்டிருக்கும். அது காய்ந்த பயறின் கணக்கு. ஊறி வெந்ததும் தண்ணீரை இழுத்து எடை இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதனால் 100 கிராம் சுண்டலில் நமக்குக் கிடைப்பது 7 முதல் 9 கிராம் புரதம்தான். ஒப்பிடுவதென்றால் வெந்ததை வெந்ததோடு ஒப்பிட வேண்டும். இங்கே சொல்லும் எண்கள் அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலை ஒட்டியவை, எல்லாமே வெந்த 100 கிராமுக்கு.

கொண்டைக்கடலையில் புரதம் 8.9 கிராம், ராஜ்மாவில் 8.7, காராமணியில் 7.7, பச்சைப்பயறில் 7. கொண்டைக்கடலைதான் முதலிடம் போலத் தெரியும். சரி, கலோரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கொண்டைக்கடலை 164, ராஜ்மா 127, காராமணி 116, பச்சைப்பயறு 105. கொண்டைக்கடலை மற்றவை அளவுக்குத் தண்ணீர் இழுப்பதில்லை. கொழுப்பும் 2.6 கிராம் இருக்கிறது, மற்ற மூன்றிலும் அரை கிராம் அளவுதான். 100 கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் கொண்டைக்கடலை 5.4 கிராமோடு கடைசிக்குப் போய்விடுகிறது, மற்றவை 6.6 முதல் 6.9 வரை. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் ராத்திரிக்குப் பச்சைப்பயறு சாப்பிடுவதில் நியாயம் இருக்கிறது.

சோயா தனி ரகம். புரதம் 16 கிராமுக்கு மேல், இரும்பு 5 மில்லிகிராம். கொழுப்பும் 9 கிராம் உண்டு. ஆனால் அந்தப் பச்சை வாசனை பல வீடுகளில் செல்லுபடியாகாது.

தினசரிக்கு என் ஓட்டு காராமணிக்கு. தட்டைப்பயறு என்று சொல்வதும் இதைத்தான். ஃபோலேட் என்ற பி வைட்டமின் இதில் 208 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 400-ல் பாதி ஒரு கிண்ணத்திலேயே வந்துவிடுகிறது. கொண்டைக்கடலையில் 172, பச்சைப்பயறில் 159, ராஜ்மாவில் 130. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இந்தச் சத்து மிக முக்கியம், கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களிலேயே அது தேவைப்படுகிறது. டாக்டர் தரும் மாத்திரைக்கு இது மாற்று இல்லை, கூடுதல் துணை. இரும்பிலும் காராமணி 2.5 மில்லிகிராமோடு கொண்டைக்கடலையின் 2.9-ஐ நெருங்குகிறது, பச்சைப்பயறு 1.4-லேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு இருந்தும் நவராத்திரி முடிந்தால் காராமணியை மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஃபோலேட் தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் அளவாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள், மிஞ்சியதை ரசத்தில் சேர்த்துவிடுங்கள். ஊறவைத்த தண்ணீர் வேறு விஷயம். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதில்தான் இறங்கியிருக்கும், வயிறு உப்புபவர்கள் அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

ராஜ்மாவில் மட்டும் விளையாடக் கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம், கொஞ்சம் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கிளப்பிவிடும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் கெட்டியான வெள்ளைப் பகுதி இல்லாமல் வெண்ணெயாக மசிய வேண்டும். கொதிநிலைக்கே போகாத ஸ்லோ குக்கரில் இதைப் போடவே கூடாது.

அப்புறம் இரும்பு. பயறில் இருப்பது முழுக்க உடம்பில் சேராது, அதிலேயே இயற்கையாக உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கும். கூடவே வைட்டமின் சி இருந்தால் சேரும் அளவு கூடும். மெரினா சுண்டலில் மாங்காய் துருவிப் போடுகிறார்களே, அது ருசிக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவும். மாங்காய் இல்லாத நாளில் அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சாயங்கால டீயைச் சுண்டலோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், டீயில் உள்ள டானின் இரும்பைச் சேரவிடாது.